கூரைக் கூலிக் கணக்கு

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் தொழில் அரங்கில் ஆற்றிய உரை)



விழா மேடைகளில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதனைப் பேச நம்மினும் தக்கார் இம்மேடையில் பலர் உளர். ஆதலால் நாம் ஒரு சிறிய கணக்கைப் பற்றி மட்டும் பேச விழைகிறோம். ஒரு வீட்டிற்குக் கூரை போட எத்தனை ஆள் வேண்டும், எத்தனை நாள் பிடிக்கும், கூலி எவ்வளவு ஆகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே தாளில் எழுதிப் பார்ப்பது எப்படி? இதுவே நமது பொருள். கல்விச் சங்கத்தின் மேடையில் சாந்துச் சட்டியைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இந்த அரங்கில் அமர்ந்திருப்போரில் தாயோ தந்தையோ அண்ணனோ சட்டி சுமக்காத வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

பாலவனத்தம் வானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் சோளமும் மிளகாயும் விளையும் மாதங்கள் சில. வேலையில்லாத மாதங்கள் பல. அந்த மாதங்களில் நம் மக்கள் விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் கட்டட வேலைக்குச் செல்கின்றனர். இவ்வூர், 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் ஜமீன்தாராக விளங்கிய ஊர் என்று நூல்கள் பெருமையுடன் குறிப்பிடுகின்றன. பெருமை உண்மையே. ஆனால் அக்காலத்து மாளிகைகளின் கூரைக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர் யார், அவர்களுக்கு அளக்கப்பட்ட கூலி எவ்வளவு என்று எழுதி வைத்த ஏடு எதனையும் நாம் கண்டதில்லை.

இக்குறை தற்செயலாக நேர்ந்ததன்று. நம் முன்னோரின் உழைப்பில் பெரும்பகுதி கணக்கில் ஏறாத உழைப்பு. பண்ணையாரின் வீட்டுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் ஓலை மாற்றிக் கொடுப்பது வெட்டி வேலை. அதற்குக் கூலி என்ற பேச்சே இல்லை. நம் குடிசைகளுக்குப் பனையோலையோ வரகு வைக்கோலோ வேய்வது, இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ என்ற முறையில் நடந்தது. அது நல்ல முறையே; அதை நாம் குறை கூறவில்லை. ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்து நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றன. உடலுழைப்புக்கு விலை எழுதுவது நமக்குக் கூச்சமான செயலாகிவிட்டது. பொருளுக்கு விலை கேட்போம். உழைப்புக்கு, "பார்த்துக் கொடுங்கள்" என்போம். கூலி கேட்டவர்கள் கொடுத்த விலையையும் நாம் மறந்துவிட முடியாது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவில் கீழத் தஞ்சையின் வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்த கொடுமைக்குப் பின்னே இருந்தது கூலி உயர்வுக்கான போராட்டமே.

இனி, கணக்கிற்கு வருவோம்.

இன்று அரசு வீட்டுத் திட்டங்கள் அனைத்தும் கான்கிரீட் கூரையையே கேட்கின்றன. 2010ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011ஆம் ஆண்டில் வந்த 300 சதுர அடிப் பசுமை வீடு, 2016 முதல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம், 2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் என இவை தொடர்ந்து வந்துள்ளன. கனவு இல்லத்தின் மொத்தப் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஆகவே வெளி அளவில் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் உள்ள 300 சதுர அடிக் கூரை ஒன்றையே நமது பாடமாக எடுத்துக்கொள்வோம். கனம் 5 அங்குலம் என்க.

வெளி அளவு என்று நாம் அழுத்திச் சொன்னதைக் கவனியுங்கள். முதல் ஏமாற்றம் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. கூரை சுவரின் மேல் அமர்கிறது. எனவே சுவரின் வெளி விளிம்புவரை அதற்கு அளவு உண்டு. ஒன்பது அங்குலச் சுவரை இருபுறமும் நீக்கிவிட்டு உள் அளவு எடுத்தால் 18½ அடிக்கு 13½ அடி; பெருக்கினால் 250 சதுர அடிக்குக் கால் அடி குறைவு. ஆறில் ஒரு பங்கு காணாமற் போயிற்று! வீட்டுக்காரர் உள் அளவைச் சொல்வார், மேஸ்திரி தலையசைப்பார், தளம் போட்டு முடித்த பிறகு அளவு நாடாவைப் பிடிக்கும்போது சண்டை வரும். பேசும்போதே, "வெளி அளவுக்குக் கூலி" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பம் இட்டுவிட்டால் அந்தச் சண்டை இல்லை. வெயில்மறைப்பு, பரண், மாடிப்படி ஆகியன தனி என்பதையும் அதே தாளில் எழுதுதல் வேண்டும்.

அடுத்தது பொருளின் அளவு. கூலிக் கணக்கிற்குப் பொருளின் அளவு எதற்கு என்று கேட்கலாம். சுமப்பது பொருளைத்தானே! 300 சதுர அடியை 5 அங்குலத்தால் பெருக்கினால் 125 கன அடிக் கான்கிரீட். ஒரு பங்கு சிமெண்டு, ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்ற கலவையில் இதற்கு ஏறத்தாழ 28 மூட்டை சிமெண்டும், 52 அல்லது 53 கன அடி மணலும், 105 கன அடி ஜல்லியும் வேண்டும். கம்பி 280 கிலோ அளவில் ஆகும். பொறியாளரின் வரைபடத்திற்கேற்ப இது கூடலாம், குறையலாம்.

போட்டு முடித்த அந்த 125 கன அடிக் கான்கிரீட்டின் எடை என்ன தெரியுமா? ஏறத்தாழ எட்டரை டன். ஒரு சட்டிக்கு மூன்றில் ஒரு கன அடி என்று கொண்டால் 375 சட்டி. ஒரு சட்டி 22 கிலோவுக்கு மேல். ஆளுக்கு ஒரு சட்டியாகத் தலையில் ஏற்றி நடந்தால் ஆறு பேர் இதனைப் பங்கிட்டுக் கொள்வர். ஆனால் சாரத்தில் வரிசையாக நின்று கைமாற்றி ஏற்றும்போது பங்கீடே இல்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சித்தாளின் கையிலும் அந்த 375 சட்டியும் ஏறி இறங்குகின்றன. ஒருத்தியின் கைகளில் ஒரு பகலில் எட்டரை டன்! இந்த எண்ணை நம் இளைஞர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். "சித்தாள் வேலைதானே" என்று எவரேனும் சொல்லக் கேட்டால், சினம் கொள்ளாமல் இந்தப் பெருக்கலைச் செய்து காட்டலாம்.

இனி ஆள்நாள் கணக்கு. ஓர் ஆள் எட்டு மணி நேரம் செய்யும் வேலை ஓர் ஆள்நாள். இந்த எட்டு மணியும் எளிதில் கிடைத்ததன்று. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைகளில் வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 1946ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் வந்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவும் அவ்வாண்டிலேயே அவரால் கொண்டுவரப்பட்டு, 1948ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. ஆலைக்குள் வந்த எட்டு மணி கட்டட வேலைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. நமது தாளிலாவது அது இருக்கட்டும்.

முட்டுக் கொடுத்து, பலகையோ தகடோ அடித்து, மட்டம் பார்த்து சென்டரிங் முடிக்க, தொழில் தெரிந்தவர் இருவரும் கையாள் இருவரும் இரண்டு நாள் வேலை செய்தல் வேண்டும். ஆக, தொழிலாளிக்கு 4, கையாளுக்கு 4. கம்பியை வெட்டி, வளைத்து, கட்டி முடிக்க ஒரு கம்பி கட்டுபவரும் ஒரு கையாளும் இரண்டு நாள். ஆக 2, 2. தளம் போடும் நாளில் கலவை இயந்திரத்தோடு கொத்தனார் இருவர். இயந்திரத்தில் கொட்டுவோர், நீர் ஊற்றுவோர், சட்டி ஏற்றுவோர், மேலே வாங்கிக் கொட்டுவோர் எனப் பதின்மர். ஆக 2, 10. இதுவரை எல்லோரும் எழுதுவர். இதற்குப் பின்னே வருவனவற்றைத்தான் எழுத மறக்கின்றனர்.

மணலும் ஜல்லியும் சிமெண்டும் கம்பியும் வந்து இறங்கும்போது அவற்றை ஒதுக்கிக் குவிக்கவும் மூட்டைகளை அடுக்கவும் ஆள் வேண்டும். தெரு குறுகலாக இருந்து வண்டி உள்ளே வராவிட்டால் இன்னும் கூடும். நம் தெருக்களுக்கு வண்டி வராதது நமக்குப் புதிதன்று. இதற்கு 2 ஆள்நாள். முட்டுப் பிரிக்க ஒருவரும் கையாள் ஒருவரும் ஒரு நாள். ஆக 1, 1. முட்டுப் பிரிக்கும் நாளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தியத் தர நிர்ணய விதி, நாலரை அடி அன்று, நாலரை மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்திற்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும் என்கிறது. அதற்கு மேற்பட்ட இடைவெளிக்கு 14 நாள். தகடு வாடகை ஏறுகிறதே என்று நாள் குறைத்துப் பிரிப்பவர் உண்டு. அந்த வாடகையை முன்பே கணக்கில் எழுதியிருந்தால் அவசரத்திற்கு இடமில்லை. பிரிக்கும்போது கீழே நிற்பவர் நம் பிள்ளை என்பதை மேஸ்திரிகள் மறக்கலாகாது.

எஞ்சியிருப்பது நீராற்றுதல். நம் வறண்ட சீமையில் இதுவே பெரிய வேலை. இதற்கே எவரும் கூலி எழுதுவதில்லை. கலவைக்கு மூட்டைக்கு 25 லிட்டர் வீதம் 28 மூட்டைக்கு 700 லிட்டர். தளம் இறுகியபின் பாத்தி கட்டி ஓர் அங்குலம் நீர் நிறுத்துவதற்கு இன்னொரு 700 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தில் 47 குடம். வெயிலில் ஆவியாவதற்கும் விளிம்பில் கசிவதற்கும் நாள்தோறும் மேலும் ஊற்ற வேண்டும். சாதாரணச் சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாளும், இப்போது கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் ஈரம் காக்க வேண்டும் என்பது விதி. 14 நாள் காப்பது நன்று. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் 14 நாளுக்கு 28 மணி, அதாவது மூன்றரை ஆள்நாள். இந்த மூன்றரை நாளை யார் செய்கிறார்? வீட்டுப் பெண் செய்கிறாள். அல்லது காவலுக்கு இருக்கும் கிழவர் செய்கிறார். இருவருக்கும் கூலி இல்லை. குழாய் இல்லாத தெருவில் 47 குடமும் தலையில்தான் வருகின்றன என்றால் மூன்றரை நாள் என்பது மிகவும் குறைந்த மதிப்பீடு.

இப்போது கூட்டிப் பாருங்கள். தொழில் தெரிந்தோர் 4, 2, 2, 1 ஆக 9 ஆள்நாள். கையாளும் சித்தாளும் 4, 2, 10, 2, 1, மூன்றரை ஆக இருபத்திரண்டரை. கூலி ஊருக்கு ஊர் வேறுபடும். பருவத்திற்குப் பருவம் மாறும். கணக்கிற்காக மட்டும் தொழிலாளிக்கு 1,000 ரூபாய், கையாளுக்கும் சித்தாளுக்கும் 600 ரூபாய் என்று கொள்வோம். 9,000 ரூபாயும் 13,500 ரூபாயும் சேர்ந்து 22,500. இதனை 300ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 75 ரூபாய்.

சந்தையில் பேசப்படும் விலை வேறு விதமாக உருவாகிறது. "பக்கத்துத் தெருவில் அறுபதுக்குப் போட்டார்களாம், நீயும் போடு" என்பார் வீட்டுக்காரர். வேலை கையை விட்டுப் போய்விடுமே என்று மேஸ்திரி ஒத்துக்கொள்வார். அறுபது வீதம் 18,000 ரூபாய், குறைவு 4,500. இந்த 4,500 எங்கே போயிற்று? அது காற்றில் மறையவில்லை. கையாள் கூலியில் ஏழரை ஆள்நாள் அது. மேஸ்திரி பதின்மர் வேண்டிய இடத்தில் எண்மரை நிறுத்துவார்; சித்தாளுக்குக் கூலி குறைப்பார்; நீராற்றும் நாளைச் சுருக்குவார்; அல்லது தம் கூலியை இழப்பார். மலிவாகப் பேசப்பட்ட கூரையின் விலையை வரிசையின் கடைசியில் நிற்பவரும் அதன் கீழே படுத்துறங்குபவரும் கொடுக்கின்றனர். குறைந்த விலைக்கு வேலை எடுக்கவே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வேலையில்லாத மாதத்தில் வயிற்றுக்கு முன்னால் வாதம் நில்லாது. எவ்வளவு குறைத்துக்கொண்டோம், யாருடைய பங்கில் குறைத்தோம் என்பது தெரிந்து குறைப்பது ஒன்று; தெரியாமலே இழப்பது மற்றொன்று.

75 ரூபாயும் முழுக் கணக்கு அன்று. ஊரிலிருந்து போக்குவரத்து, தேநீர், தேய்ந்துபோகும் சட்டி, கரணை, மட்டப்பலகை, வேலை தேடி அலையும் நாள், அளவெடுத்துக் கணக்கு எழுதும் நேரம் ஆகியவற்றிற்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 2,250 ரூபாய், மொத்தம் 24,750, சதுர அடிக்கு எண்பத்திரண்டரை. இதற்கு மேலும் காத்திருப்பு என்ற ஒன்று உண்டு. தளம் போடும் நாளில் கலவை இயந்திரம் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தால் பன்னிருவர் சும்மா அமர்ந்திருக்கின்றனர். 36 மணி நேரம், நாலரை ஆள்நாள் வீண். தளத்தைப் பாதியில் நிறுத்தவும் இயலாது. இருட்டிய பின்னும் விளக்கு வைத்து முடிக்கவேண்டும். "பொருளும் இயந்திரமும் காலை ஏழு மணிக்கு வந்திருக்க வேண்டும், தவறினால் காத்திருக்கும் நேரத்திற்குக் கூலி" என்று எழுதாத ஒப்பந்தத்தில் அந்த நாலரை நாளைத் தொழிலாளியே சுமக்கிறான்.

மேலே கையாளுக்கும் சித்தாளுக்கும் ஒரே கூலியை எழுதினோம். சிலர் முகத்தில் புன்னகை தெரிகிறது. நடைமுறையில் அவ்வாறில்லை என்பதை நாமும் அறிவோம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்று நாட்டில் சட்டம் வந்தது 1976ஆம் ஆண்டில். அரை நூற்றாண்டு கடந்தும் நம் மேஸ்திரிகள் எழுதும் தாளிலேயே ஆண் ஆள், பெண் ஆள் என்று இரண்டு வரி இருக்கிறது. பிறர் நமக்குச் செய்யும் அநீதியைப் பேசும் மேடையில் நம் தாளில் உள்ள இந்த இரண்டு வரியையும் பேசியாக வேண்டும். சட்டி ஆணுக்கு ஓர் எடை, பெண்ணுக்கு ஓர் எடை என்று இருப்பதில்லை.

இதுவரை கூறியது கான்கிரீட்டுக்கு. ஓட்டுக் கூரை இன்னும் நம் பகுதியில் மறைந்துவிடவில்லை. அதற்கு ஒரே ஒரு நுட்பம் மட்டும் சொல்லிச் செல்வோம். சரிவான கூரையைத் தரையில் அளக்கலாகாது. கைமரத்தின் நெடுகிலும் அளக்க வேண்டும். முப்பது பாகைச் சரிவில் தரையளவு 300 சதுர அடி என்றால் கூரையளவு 346 சதுர அடி. பத்தாம் வகுப்பில் கோணங்களின் கணக்கைப் படித்து, இது எங்கே பயன்படப் போகிறது என்று கேட்ட தம்பிகளுக்கு விடை இதோ இருக்கிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 சீமை ஓடு வீதம், தரையளவுக்கு 418 என்றும் கூரையளவுக்கு 480க்கு மேலும் வரும். அந்த அறுபது ஓட்டையும் ஏற்றி அடுக்கியவனுக்குத் தரையளவின்படி கூலி கொடுத்தால் என்ன பொருள்?

நாம் வேலை செய்பவராக நிற்கும் இடத்தைப் பார்த்தோம். வீட்டுக்காரராக நிற்கும் இடமும் நமக்கு உண்டு. தாட்கோ என்று நாம் அழைக்கும் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம் 1974ஆம் ஆண்டில் தோன்றியதிலிருந்து இன்றுவரை அரசு உதவியால் எழுந்த வீடுகள் நம் தெருக்களில் உள்ளன. சில வீடுகள் சுவரோடு நின்றுவிட்டதையும் காண்கிறோம். பெரும்பாலும் நிற்கும் இடம் கூரைமட்டம்தான். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து அளித்த தொகை 1,20,000 ரூபாய். அது கான்கிரீட் கூரைக்குப் போதாது என்பதை ஒப்புக்கொண்டு தமிழ்நாடு அரசு கூரைக்கென 50,000 ரூபாய் கூடுதலாக வழங்கியது. 2020ஆம் ஆண்டில் அதனை 1,20,000 ஆக உயர்த்தியது. வீட்டிற்கென அளித்த தொகையும், கூரைக்கான கூடுதல் தொகையும் சமமாகிவிட்டதைக் கவனியுங்கள். கூரையின் கனம் என்னவென்று அரசாணையே சொல்லிவிட்டது.

ஆயினும் பணம், கட்டிய நிலைக்கேற்பத் தவணை தவணையாக வருகிறது. கூரைத் தவணை வருவதற்கு முன்பே கூரைக்குப் பணம் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று முன்பே தெரிந்த குடும்பம் மகளிர் குழுவிலோ வங்கியிலோ அளவாகக் கடன் பெறும். தெரியாத குடும்பம் தளம் போடும் நாளுக்கு முந்தைய மாலையில் வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும். அந்நேரத்தில் வட்டியை யார் பேரம் பேச முடியும்? அதே திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 90 நாள் உடலுழைப்புக் கூலியும் நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியே சேர்த்து அளிக்கப்பட்டது. குடும்பத்தார் தம் வீட்டுக்குத் தாமே செய்யும் வேலைக்கும் விலை உண்டு என்று அரசே ஏற்ற செய்தி இது. நம் வீட்டுக்கு நாம் செய்வதுதானே என்று அந்த நாட்களைப் பதிந்து கேட்காமல் விட்டவர்கள் உண்டு. ஆள்நாள் தாள் ஒன்று வீட்டில் இருந்தால் கேட்க வேண்டியது எது என்பது தெரியும்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். 1942ஆம் ஆண்டில் வைசிராய் லின்லித்கோவிடம் அண்ணல் அம்பேத்கர், தாழ்த்தப்பட்டோரின் குறைகளை விளக்கி ஒரு விண்ணப்பம் அளித்தார். அதில் ஓர் எண் இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்தக்காரர் பட்டியலில் அன்று இருந்தோர் 1,171 பேர். அவர்களுள் தாழ்த்தப்பட்டவர் ஒரே ஒருவர். தில்லியில் எழுந்த அரசுக் கட்டடங்களுக்குக் கல் சுமந்தோருள் நம்மவர் ஒருவர் மட்டுமே என்று யாரும் நம்ப மாட்டார்கள்! சுமப்போர் நிரையில் ஆயிரமாயிரம், ஒப்பந்தக்காரர் நிரையில் ஒன்று. இவ்விரண்டு நிரைகளுக்கும் நடுவே சாதி இருந்தது, முதல் இல்லாமை இருந்தது, மதிப்பீடு எழுதும் கல்வி மறுக்கப்பட்டது. முதலிரண்டும் நம் ஒருவர் கையில் இல்லை. மூன்றாவது, இந்தச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவரும் பணிக்குள் வருகிறது.

கதவுகள் சிறிது திறந்துமுள்ளன. கர்நாடகத்தில் 50 இலட்சம் ரூபாய் வரையுள்ள அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் ஒதுக்கிச் சட்டம் செய்தனர். 2023ஆம் ஆண்டில் அந்த வரம்பை ஒரு கோடியாக உயர்த்தினர். தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் அளிக்க வகை செய்தது. உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. சென்டரிங் தகடும் கலவை இயந்திரமும் வாடகைக்கு எடுத்தே காலம் கழிக்கும் மேஸ்திரி ஒருவர் அவற்றைச் சொந்தமாக்க விரும்பினால், வங்கி முதலில் கேட்பது திட்ட அறிக்கை. திட்ட அறிக்கை என்பது வேறொன்றுமன்று. நாம் இவ்வளவு நேரம் போட்ட கணக்கின் பெரிய வடிவமே.

இளைஞர்களுக்கு ஒன்று. உங்கள் தந்தையாருக்கு இக்கணக்கு தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். சுவரை ஏறிட்டுப் பார்த்து, இத்தனை சட்டி, இத்தனை ஆள் என்று அவர் சொல்லும் எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவரிடம் இருப்பது கண்ணளவு. தாளில் இல்லாததால் வீட்டுக்காரரின் முன்னே அது செல்லுபடியாவதில்லை. அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். எங்கே மாறுபடுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் புத்தகத்தைவிட அவர் சரியாக இருப்பார். அருப்புக்கோட்டைச் சித்திரை வெயிலில் ஓர் ஆள் எத்தனை சட்டி ஏற்ற இயலும் என்பதை எந்த அட்டவணையும் அவரைப் போல் அறியாது. தாயாரையும் கேளுங்கள். அவர் எத்தனை முறை ஏணி ஏறினார் என்று இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளோர் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யாதோர் இங்கே இருந்தால் அரங்கு முடிந்ததும் வாசலருகே அமர்ந்திருக்கும் தோழர்களிடம் பெயரைத் தாருங்கள். படிவம் நிரப்புவதற்கு அவர்கள் உதவுவர். விபத்து நேர்ந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

இறுதியாக, ஓர் அறிவிப்பு. நமது இரவுப் பள்ளியின் தகரக் கூரையை அகற்றிக் கான்கிரீட் தளம் போடுவதென்று சங்கம் முடிவு செய்துள்ளது. அதற்கான கூலி மதிப்பீட்டை வெளியாரிடம் கேட்பதற்கு முன் நம் இளைஞர்களிடமே கேட்பது என்றும் முடிவாகியுள்ளது. அளவு நாடா அலுவலகத்தில் இருக்கிறது. மூவர் மூவராகச் சேர்ந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து அளவெடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்குள் தாளைக் கொடுங்கள். சுவரின் கனம் ஒன்பது அங்குலம். வடக்குப் பக்கம் வெயில்மறைப்பு உண்டு. தண்ணீர் எடுக்க வேண்டிய கிணறு பள்ளியிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை நீங்களே நடந்து அளந்துகொள்ளுங்கள்.